பதினோராயிரம் ரூபாய்க்குக் கிடைத்த லைகா: வைத்துக்கொள்வதா, விற்பதா?

19.01.2025, காலை

காணும் பொங்கலுக்கு மறுநாள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் உள்ள ஒரு பழம்பொருள் கடையில் ஜெர்மனியில் செய்த லைகா த்ரீ எஃப் என்ற பழைய ஃபிலிம் கேமரா ஒன்றை 11,000 ரூபாய்க்கு வாங்கினேன். உள்ளே மடங்கும் 50 மி.மீ. எல்மார் லென்ஸும், தோல் உறையும் அதனுடன் வந்தன. கடைக்காரர் முதலில் 12,000 கேட்டார். நான் பேரம் பேசத் தொடங்கிய மறுநொடியே ஆயிரம் ரூபாயைக் குறைத்துக்கொண்டார். எனக்குத் தெரிந்த வட்டத்தில் இப்படி ஒரு கேமரா, ஓடும் நிலையில், 50,000 ரூபாய்க்குக் குறைந்து கைமாறி நான் பார்த்ததில்லை. வாங்கிய அன்று மாலையே நண்பர் ஒருவர் வழியாகச் செய்தி போய், பெங்களூரிலிருந்து ஒருவர் 58,000 தருகிறேன் என்கிறார்.

திருச்சியில் 22 ஆண்டுகள் ஸ்டூடியோ நடத்தியவன் நான். இந்தக் கேமராவை வாழ்நாளில் ஒருமுறையாவது சொந்தமாக வைத்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டதுண்டு. ஆனால் ஸ்டூடியோவை மூடிய பிறகு 47,000 ரூபாய் லாபம் என்பது எனக்குச் சிறிய தொகையன்று. மேல்தகட்டில் உள்ள வரிசை எண்ணைப் பட்டியலில் தேடினேன். அது 1951ஆம் ஆண்டைக் காட்டுகிறது, ஆகவே அசல்தான். வைத்துக்கொள்வதா, விற்பதா என்பதைத்தான் முடிவு செய்ய முடியவில்லை.

20.01.2025

நேற்று எழுதியதில் ஒரு தவறு இருக்கிறது, அதை முதலில் திருத்துகிறேன். வரிசை எண் பொருந்துவதால் கேமரா அசல் என்று எழுதினேன். எண் எதையும் நிரூபிப்பதில்லை. போலி செய்பவனிடமும் அதே பட்டியல் இருக்கிறது.

லைகாவுக்குப் போலி எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் எதைச் சோதிக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். 1932இல் வெளிவந்த லைகா இரண்டாம் மாதிரியைப் பார்த்து, அப்போதைய சோவியத் உக்ரைனின் கார்கிவ் நகரில் 1934 முதல் ஃபெட் என்ற கேமராவைப் பெருமளவில் செய்தார்கள். ஆதரவற்ற சிறுவர்களுக்காகக் கல்வியாளர் மகரென்கோ நடத்திய கம்யூன் என்ற கூட்டு இல்லத்தின் பட்டறையில் அது உருவானது. சோவியத் ரகசியப் போலீஸின் முதல் தலைவரான ஃபெலிக்ஸ் எட்மண்டோவிச் ஜெர்ஜின்ஸ்கி என்ற பெயரின் முதலெழுத்துகளே ஃபெட். போருக்குப் பின், 1948 முதல், மாஸ்கோவுக்கு அருகிலுள்ள கிராஸ்னகோர்ஸ்க் ஆலையிலிருந்து ஸோர்க்கி வந்தது. இவை இரண்டும் தம் பெயரில் விற்கப்பட்டவரை நேர்மையான, உழைக்கும் கேமராக்கள். பிற்காலத்தில் யாரோ இவற்றின் மேல்தகட்டைத் தேய்த்து, லைகா என்று புதிதாகப் பொறித்து, பொன்முலாம் பூசி, கழுகுச் சின்னம் வைத்து, ஜெர்மன் விமானப்படையின் உடைமை என்றோ 1936 பெர்லின் ஒலிம்பிக் நினைவு என்றோ எழுதி உலகெங்கும் விற்றார்கள்.

சோதனை எளிது. லென்ஸைக் கழற்றிவிட்டு, 39 மி.மீ. திருகு வளையத்துக்குள் மேற்பக்கமாகப் பாருங்கள். லென்ஸ் முன்னும் பின்னும் நகரும்போது அந்த நகர்வை, தூரம் பார்த்துக் குவியத்தைச் சரிசெய்ய உதவும் ரேஞ்ச்ஃபைண்டருக்குச் சொல்லும் ஒரு சிறு கை அங்கே நீட்டிக்கொண்டிருக்கும். லைகாவில் அந்தக் கையின் முனையில் சுழலும் குட்டிச் சக்கரம் ஒன்று இருக்கும். ஃபெட்டிலும் ஸோர்க்கியிலும் சக்கரத்துக்குப் பதிலாக ஆப்பு போன்ற கெட்டித் துண்டு இருக்கும். மேல்தகட்டில் எதை வேண்டுமானாலும் பொறிக்கலாம். இந்தச் சக்கரத்தைப் போலியாகச் செய்ய யாரும் மெனக்கெடுவதில்லை.

நேற்றிரவு சமையலறை விளக்கின் கீழ் லென்ஸைக் கழற்றிப் பார்த்தேன். சக்கரம் இருக்கிறது, நகம் பட்டால் சுழல்கிறது. முன்பக்கத்தில் மெதுவேகங்களுக்கான தனித் திருகும் இருக்கிறது, பழைய ஃபெட்டிலும் முதல் ஸோர்க்கியிலும் அது கிடையாது. இது ஜெர்மனியில், லைகாவின் சொந்த ஊரான வெட்ஸ்லாரில் செய்த லைகாதான்.

23.01.2025

அசல் என்று தெரிந்த பிறகு நிம்மதி வரவில்லை. போலியாக இருந்திருந்தால் 11,000 என்பது அதற்குப் பொருத்தமான விலை. அசல் பொருள் ஐந்தில் ஒரு பங்கு விலைக்கு வருகிறது என்றால் விற்றவருக்கு மதிப்புத் தெரியாமல் இருக்க வேண்டும், அல்லது பொருளில் பழுது இருக்க வேண்டும், அல்லது அது சீக்கிரம் கைவிட்டுப் போக வேண்டிய பொருளாக இருக்க வேண்டும்.

மதிப்புத் தெரியாதவர் என்று சொல்ல மாட்டேன். 2022 ஜூனில், லைகாவை உருவாக்கிய ஆஸ்கர் பர்னாக் தாமே பயன்படுத்திய 105ஆம் எண் லைகா வெட்ஸ்லார் ஏலத்தில் 144 லட்சம் யூரோவுக்குப் போனது. அந்தச் செய்தி வந்த வாரத்திலிருந்து லைகா என்று எழுதியிருக்கும் வெறும் தோல் உறைக்குக்கூடக் கடைகளில் விலை ஏறிவிட்டது. மேலும் இது முதல் லைகா சந்தைக்கு வந்த 1925இலிருந்து நூறாவது ஆண்டு. இந்த ஆண்டில் லைகாவின் விலை தெரியாத பழம்பொருள் வியாபாரி அந்தத் தெருவில் இருக்க வாய்ப்பில்லை.

27.01.2025

பழுது பார்க்கும் வேலையை முடித்துவிட்டேன். விரிவாகவே எழுதுகிறேன், ஏனெனில் பழைய லைகா வாங்குகிறவர்கள் இதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

இந்தக் கேமராவுக்குப் பின்கதவு கிடையாது. அடித்தகட்டைக் கழற்றிவிட்டுக் கீழிருந்து படச்சுருளைச் செருக வேண்டும். கடையில் வாங்கும் சுருளின் நுனி குட்டையாக வெட்டப்பட்டிருக்கும். அதை அப்படியே செருகினால் உள்ளே சிக்கிக் கிழியும். கத்தரிக்கோலால் சுமார் பத்து சென்டிமீட்டர் நீளத்துக்கு நாக்குப் போல் வெட்டிக்கொண்டுதான் ஏற்ற வேண்டும். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அந்த வேலையைச் செய்தபோது விரல்களுக்கு அது மறக்கவில்லை.

ஒரு சுருளை மாடியில் நல்ல வெயிலில் எடுத்து முடித்து, வீட்டிலேயே கழுவினேன். ஒவ்வொரு நெகட்டிவிலும், வானம் வரும் இடத்தில், இரண்டு கரும்புள்ளிகள். ரப்பர் பூசிய துணியாலான ஷட்டர் திரையில் ஊசித்துளைகள் விழுந்திருக்கின்றன என்று பொருள். லென்ஸை மூடாமல் வெயிலை நோக்கி வைத்துவிட்டால் பூதக்கண்ணாடி போல அது திரையைச் சுட்டுவிடும். லென்ஸுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி நின்று வெயிலைத் தடுக்கும் எஸ்.எல்.ஆர். வகைக் கேமராவில் இந்த ஆபத்து இல்லை, இதில் உண்டு. லென்ஸை விளக்குக்கு எதிரே சாய்த்துப் பிடித்தால் ஓரத்தில் சிலந்தி வலை போலப் பூஞ்சையும் தெரிகிறது. தோல் உறைக்குள்ளேயே பல ஆண்டுகள் கிடந்ததன் விளைவு அது. நம் ஊர்க் காற்றின் ஈரத்தைத் தோல் குடித்து வைத்துக்கொள்ளும், கண்ணாடி அதற்குப் பலியாகும். உறையை அழகுக்கு வைத்துக்கொள்ளுங்கள், கேமராவை அதற்குள் வைக்காதீர்கள்.

சென்னையில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவரிடம் படங்களை அனுப்பிக் கேட்டேன். திரை மாற்றவும் லென்ஸைத் திறந்து துடைக்கவும் 14,000 ஆகும் என்றார். ஆக, கேமராவின் அடக்கம் 25,000. பழுதைக் கழித்த பிறகும் விலையில் பாதிக்கு மேல் விளக்கம் இல்லாமல் நிற்கிறது.

27.01.2025, இரவு

அடித்தகட்டின் உட்பக்கத்தில் ஊசியால் கீறிய எழுத்துகள் இருக்கின்றன, பகலில் கவனிக்கவில்லை. தமிழில் "மு. பினாங்கு" என்றும், அதன் கீழே வேறு கையெழுத்தில் "சர்வீஸ் 61" என்றும் இருக்கிறது.

02.02.2025

இங்கே எழுதியதைப் படித்துவிட்டுத் திருப்பூரிலிருந்து ஒருவர், "58,000 வருகிறபோது கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே, இதில் யோசிக்க என்ன இருக்கிறது?" என்று கேட்கிறார். யோசிக்க என்ன இருக்கிறது என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

2009இல் பொன்முலாம் பூசிய ஒரு லைகாவை 14,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். கழுகுச் சின்னம், பாம்புத்தோல் போன்ற உறை, எல்லாம் இருந்தது. இரண்டு மாதம் கழித்து லென்ஸைக் கழற்றிப் பார்த்தபோது, மேலே எழுதினேனே, அந்த ஆப்புத் துண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அது ஸோர்க்கி. என்னை ஏமாற்றியவரைத் தேடினேன், கிடைக்கவில்லை. பிறகு, கேமரா மீது உயிரையே வைத்திருந்த ஒரு கல்லூரி மாணவருக்கு அதை 15,000 ரூபாய்க்கு விற்றேன்.

அவர், "இது அசல் லைகாவா அண்ணா?" என்று கேட்டார். நான், "லைகா என்று எழுதியிருக்கிறது பார் தம்பி" என்றேன். அந்தச் சொற்களை அப்படியே நினைவு வைத்திருக்கிறேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை என்று பல ஆண்டுகள் எனக்கு நானே சொல்லி வந்தேன். அவர் அந்த எழுத்துகளின் மேல் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்தார், நான் வாங்கிக்கொண்டேன்.

ஆகவே, இந்த முறை விற்பதானால், வாங்குகிறவர் கேட்கக்கூடிய எந்தக் கேள்விக்கும் நேரான பதில் என்னிடம் இருந்தாக வேண்டும். "எங்கிருந்து வந்தது?" என்று பெங்களூர்க்காரர் இதுவரை கேட்கவில்லை. கேட்டால் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

04.02.2025

சட்டம் என்ன சொல்கிறது என்று ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவந்தேன். கடைக்காரர் துண்டுச் சீட்டில் தொகையை எழுதிக் கொடுத்தாரே, அது போதுமே என்றுதான் இதுவரை எண்ணியிருந்தேன். போதாது. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 27ஆம் பிரிவின்படி, சில விதிவிலக்குகள் நீங்கலாக, விற்பவருக்கு இல்லாத உரிமை வாங்குபவருக்கு வந்துவிடாது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ, நேர்மையின்றி வாங்குவதையும் வைத்திருப்பதையும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவு குற்றமாக்குகிறது. மூன்றாண்டு வரை சிறை உண்டு. முன்பு இது இந்திய தண்டனைச் சட்டத்தின் 411. "நம்பக் காரணம் இருந்தோ" என்ற சொற்களை அவர் இரண்டு முறை வாசித்துக் காட்டினார். நான் இங்கே 23ஆம் தேதி எழுதியதே எனக்குக் காரணம் இருந்தது என்பதற்குச் சாட்சி.

தொல்பொருள் சட்டம் குறுக்கே வருமா என்று இருவர் கேட்டிருந்தார்கள். வராது. 1972ஆம் ஆண்டின் சட்டப்படி இப்படிப்பட்ட பொருளுக்கு நூறாண்டு ஆகியிருந்தால்தான் அது தொல்பொருள். இது 1951இல் செய்தது.

16.02.2025

இன்று காரைக்குடிக்குப் போய்வந்தேன்.

கடைக்காரர் முதலில் முகம் கொடுக்கவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்க வரவில்லை, கேமரா எந்த வீட்டிலிருந்து வந்தது என்று மட்டும் தெரிந்தால் போதும் என்று இரண்டு முறை சொன்ன பிறகு உட்காரச் சொன்னார். திருட்டில்லை என்றார். பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு பெரிய வீட்டைப் பிரிக்கப் போகிறார்கள். தூண், நிலை, கதவு எல்லாவற்றுக்கும் ஏற்கெனவே விலை பேசியாகிவிட்டது. அந்த வீட்டின் பங்காளிகளில் ஒருவருடைய மகன், சில்லறைச் சாமான்களை ஒரு சாக்கில் கட்டிக்கொண்டு வந்து, எல்லாவற்றையும் மொத்தமாக 6,000 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டுப் போனான். "மத்தவங்களுக்குத் தெரியுமான்னு நான் கேக்கலண்ணே. கேட்டா யாவாரம் நடக்குமா?" என்றார். ஒளிக்காமல் சொன்னதற்கு நன்றி சொன்னேன்.

அந்த வீட்டுக்கும் போனேன். முகப்பைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் பர்மா தேக்குத் தூண்கள், ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் எண் போட்டிருந்தார்கள். வளவில், அதாவது உள்முற்றத்தில், எண்பது வயதைத் தாண்டிய ஆச்சி ஒருவர் தனியாக இருந்தார். பையிலிருந்து கேமராவை எடுத்ததும் அவர் கையை நீட்டினார். லென்ஸை இழுத்துத் திருகி நிறுத்தவும், மடக்கி உள்ளே தள்ளவும் அவருக்குத் தெரிந்திருந்தது. அவருடைய மூத்த கொழுந்தனார் பினாங்கில் கிட்டங்கியில், அதாவது வியாபாரக் கூடத்தில், இருந்தபோது வாங்கியது என்றும், 1961இல் அவர் ஊர் திரும்பிய ஆண்டு ஒரு கல்யாணம் முழுவதையும் இதில்தான் எடுத்தார் என்றும் சொன்னார். கீறலில் உள்ள "மு." அவர்தான்.

பேரன் விற்றது ஆச்சிக்குத் தெரியாது. கோபப்படவும் இல்லை. "நாலு பேருக்குப் பொதுவு. நான் சொல்ல ஏலாது, அவுகளைக் கேளுங்க" என்று சொல்லி, மற்ற மூன்று பங்காளிகளின் முகவரிகளை ஒரு பழைய நோட்டிலிருந்து எழுதிக்கொள்ளச் சொன்னார். ஒன்று சென்னை, ஒன்று கோவை, ஒன்று கோலாலம்பூர். மோர் கொடுத்தார்; குடித்துவிட்டு வந்தேன்.

17.02.2025

நேற்று காரைக்குடியில் கேள்விப்பட்டதை வழக்கறிஞரிடம் சொன்னேன். சரக்கு விற்பனைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு எனக்கு உதவக்கூடும் என்கிறார். பொதுப்பொருள் மற்றப் பங்காளிகளின் அனுமதியோடு ஒருவர் கையில் மட்டும் இருந்து, அவர் விற்றால், நல்லெண்ணத்தோடு, அவருக்கு விற்க அதிகாரமில்லை என்பதை அறியாமல் வாங்கியவருக்கு உரிமை வந்துசேரும். ஆனால் இங்கே விற்றது பங்காளியே அல்ல, அவருடைய மகன். அனுமதி இருந்ததா என்பதும் தெரியாது. நான் நல்லெண்ணத்தோடு வாங்கினேனா என்பதை நீதிமன்றம் எப்படிப் பார்க்குமோ; அந்தக் கடையில் நின்றபோது விலை ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்க வாய் வரை வந்த கேள்வியை, கேட்டால் விலை ஏறிவிடுமோ என்று விழுங்கினேன். கடைக்காரர் அந்தப் பையனிடம் கேட்காததும் நான் கடைக்காரரிடம் கேட்காததும் ஒன்றுதான்.

18.02.2025

பெங்களூர்க்காரர் 64,000 என்கிறார். இப்போதைக்கு விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன்.

20.02.2025

நான்கு பேருக்கும் பதிவுத் தபாலில் ஒரே கடிதத்தை அனுப்பினேன். கேமராவின் படம், நான் கொடுத்த விலை, எனக்கு வந்த விலை, பழுது, அதற்கான செலவு, எல்லாவற்றையும் எழுதினேன். வேண்டுமானால் 11,000 ரூபாய்க்கே திருப்பித் தருகிறேன், வேண்டாமென்றால் நியாயமான விலையில் மீதித் தொகையைத் தருகிறேன் என்றும் எழுதினேன். வந்த விலையை எழுதலாமா என்று ஒரு நாள் முழுவதும் தயங்கினேன். அதை மறைத்து எழுதினால் அந்தக் கடிதம் 2009இல் நான் சொன்ன சொற்களின் தொடர்ச்சியாகிவிடும்.

09.03.2025

கோவையிலிருந்து தொலைபேசி வந்தது. அவர்தான் அந்தப் பையனின் தந்தை. மகன் விற்றது தமக்கும் தெரியாது என்றும், வீட்டு விவகாரத்தில் வெளியாள் ஏன் தலையிட வேண்டும் என்றும் கோபமாகப் பேசினார். ஊரெல்லாம் கடிதம் போட்டு மகனின் பெயரைக் கெடுத்துவிட்டேன் என்றார். அதில் நியாயம் இருக்கிறது. கடிதத்தில் பையனின் பெயர் இல்லை, ஆனால் யார் என்று எல்லாருக்கும் தெரியும். முதலில் அவரிடம் மட்டும் பேசியிருக்கலாம். சாமான் எப்படிப் போயிற்று என்று கேட்கும் உரிமை மற்ற மூவருக்கும் உண்டு என்பதால் அப்படி எழுதினேன். இருந்தாலும் நான்கு உறைகளையும் ஒரே நாளில் தபாலில் போட்டிருக்க வேண்டியதில்லை. மன்னிப்புக் கேட்டேன்.

சென்னைப் பங்காளி ஒரே வரியில் பதில் எழுதியிருக்கிறார்: மீதித் தொகையை ஆச்சியிடம் கொடுத்துவிட்டுக் கேமராவை வைத்துக்கொள்ளலாம்.

23.03.2025

2009இல் கேமராவை வாங்கிய மாணவரைக் கண்டுபிடித்தேன். இப்போது ஓசூரில் ஓர் ஆலையில் வேலை. 15,000 ரூபாயைத் திருப்பித் தருவதாகச் சொன்னேன். அவர் வேண்டாம் என்றார். வாங்கிய ஓராண்டுக்குள்ளேயே போலி என்று அவருக்குத் தெரிந்துவிட்டதாம். 2013இல் வேறொருவருக்கு 18,000 ரூபாய்க்கு விற்றுவிட்டாராம். "நீங்க சொன்ன மாதிரியேதான் நானும் சொன்னேன் அண்ணா" என்றார். அந்த மனிதர் யார், எந்த ஊர் என்று அவருக்கு நினைவில்லை.

இரண்டு நாட்களாக வேறு எதுவும் ஓடவில்லை. அந்தப் பொன்முலாம் பூசிய ஸோர்க்கி எங்கோ ஓர் அலமாரியில் இருக்கிறது. அல்லது அடுத்தவர் கைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. கழுகுச் சின்னமும், கேமராவின் அடியில் இடது ஓரத்தில் முலாம் தேய்ந்து பித்தளை தெரியும் ஒரு நாலணா அளவு இடமும் உள்ள லைகா யாரிடமாவது இருந்தால், தயவுசெய்து விற்காதீர்கள். என்னிடம் சொல்லுங்கள், நீங்கள் கொடுத்த விலைக்கே வாங்கிக்கொள்கிறேன்.

13.04.2025

கோலாலம்பூரிலிருந்து கடிதம் வந்துவிட்டது. "மு." அவருடைய பெரியப்பா. கேமரா தமக்கு வேண்டாம், ஆனால் எப்போதாவது நான் விற்பதானால் முதலில் தம்மிடம் கேட்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார். ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டு அனுப்பிவிட்டேன். பெங்களூர்க்காரர் கடைசியாகச் சொன்ன 64,000 ரூபாயையே விலையாக வைத்து, பழுதுச் செலவு 14,000, நான் கடையில் கொடுத்த 11,000 இரண்டையும் கழித்தால் 39,000. அதில் 15,000 ரூபாயை இந்த மாதம் ஆச்சியிடம் கொடுத்து ரசீது வாங்கியிருக்கிறேன், மீதியை ஆடிக்குள் கொடுத்துவிடுவேன். என்னிடம் இருந்த ஒரு டிஜிட்டல் கேமராவை, அதன் குறைகளைச் சீட்டில் எழுதிக் கொடுத்தே, விற்றுவிட்டேன்.

கோவைக்காரரின் ஒப்புதல் கையெழுத்து மட்டும் இன்னும் வரவில்லை. அது வரும்வரை கேமராவை என்னுடையது என்று சொல்ல மாட்டேன், விற்கவும் மாட்டேன்.

ஷட்டர் திரையை மாற்றச் சென்னைக்கு அனுப்புவதாக இருந்தேன். ஆச்சி ஒரு வாரம் பொறுக்கச் சொன்னார். சித்திரை பிறந்ததும் தூண்களைக் கழற்ற ஆள் வருகிறார்கள். அதற்கு முன் முகப்பையும் வளவையும் இதே கேமராவில் எடுத்துத் தர வேண்டுமாம். இரண்டு கரும்புள்ளிகளும் வானத்தில்தான் விழுகின்றன, வளவுக்குள் வெளிச்சம் குறைவு, ஆகவே தெரியாது என்று நினைக்கிறேன். ஸ்டாண்டில் வைத்து ஒரு நொடி திறந்தால் போதும். இரண்டு சுருள்களுக்கு நாக்கு வெட்டி வைத்துவிட்டேன். காலை ஐந்தரைப் பேருந்துக்குப் புறப்பட வேண்டும்.